கூடைக்குள் எரிந்த பல்பு

முத்திருளன் தினமும் கண் விழிப்பது தன் பித்தளை வில்லையின் முகத்தில்தான். உள்ளங்கை அகலம் இருக்கும். நடுவில் வளைந்து வளைந்து இறங்கும் ஒரு மின்னல் கோடு, அதன் கீழே பதினேழு என்று நம்பர். புளி போட்டு ஒரு தரம், சாம்பல் போட்டு ஒரு தரம் தேய்த்து, சட்டையின் இடப்பக்கம் குத்திக்கொண்டால்தான் கீழக்குயில்குடியிலிருந்து மதுரைக்கு நடக்க அவன் கால்களுக்குத் தெம்பு வரும். மார்கழிப் பனியில்கூடத் துண்டு போர்த்திக்கொள்ள மாட்டான். வில்லை மறைந்துவிடுமே!

அவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நாலு வருஷம் கம்பத்துக்குக் குழி தோண்டியவன் அவன். மின்சாரக் கம்பெனி மதுரையில் தெருத் தெருவாகக் கம்பம் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. மதுரைத் தரை மேலே பார்த்தால் புழுதி. ஒரு முழம் போனால் சரளை. இன்னொரு முழம் போனால் பாறை. கடப்பாரை பிடித்துப் பிடித்து அவன் உள்ளங்கை என்ன ஆயிற்றென்றால், சித்திரைத் திருவிழாவில் கைரேகை பார்க்கிறவனிடம் நீட்டியபோது அவன், "இதுல என்னத்தைப்பா பாக்க? உழுது போட்ட காடு மாதிரில்ல இருக்கு!" என்று திருப்பி அனுப்பிவிட்டான். அப்படிப்பட்டவன் அதைப் பார்த்து, இதைக் கேட்டு, தானாக வேலை பழகி, ஆறு மாதம் முன்புதான் ஒயர்மேன் ஆகி அந்த வில்லையை வாங்கினான். குழியிலிருந்து நேரே கம்பத்து உச்சிக்கு ஏறியவன்.

அந்த வில்லைக்குத்தான் ஹாலாஸ்யம் வீட்டு விளக்கால் ஆபத்து வந்தது.

ஹாலாஸ்யம் கலெக்டர் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. ரசத்தில் உப்புக் குறைந்தால்கூட எழுத்து மூலமாகத்தான் தெரிவிப்பார் என்று தெருவில் பேச்சு. தெற்காவணி மூல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் வீடு. ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். வாசல் கூடம், ஒரு முற்றம், அதைத் தாண்டி ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் இரண்டாம் கட்டு. அங்கே இன்னொரு முற்றம், கிணறு, சமையலறை. அந்த இரண்டாம் கட்டு ஹாலாஸ்யத்தின் அக்கா தர்மாம்பாளின் ராஜ்யம். சின்ன வயசிலேயே புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்தவள். மடி, ஆசாரம் என்றால் அப்படி ஒரு கெடுபிடி. அவள் குளித்து மடியோடு இருக்கும்போது வீட்டு மனிதர்களே பக்கத்தில் போகக்கூடாது. வெளியாட்களோ அந்தக் கதவையே தாண்டக்கூடாது. போதாததற்கு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் மௌன விரதம் வேறு.

வீட்டுக்கு ஒயர் இழுத்தவன் முத்திருளன்தான். அந்த நாலு நாளும் தர்மாம்பாள் ராமேசுவரம் போயிருந்ததால் அவனை இரண்டாம் கட்டுக்குள்ளும் விட்டார்கள். சமையலறைக்கு விளக்கு வேண்டும் என்று முற்றத்தின் ஓரமாக, உயரத்தில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பீங்கான் குமிழ் வைத்து இரண்டு ஒயர் இழுத்தான். குறுக்கே ஒரு பழைய மூங்கில் தொங்கியது. கழற்றினான். வேலை முடிந்தது. தர்மாம்பாள் ஊரிலிருந்து திரும்புவதற்குள் வீட்டைக் கழுவிவிட்டு, கதவையும் சாத்திவிட்டார்கள்.

முதல் வாரம் எல்லாம் சுகமாக எரிந்தது. ஹாலாஸ்யத்தின் மனைவி பாகீரதி சுவிட்சைப் போட்டதும் பல்புக்கு ஒரு கும்பிடு போடுவாள்; அணைக்கும்போது இன்னொரு கும்பிடு. பிறகு ஒரு நாள் சாயங்காலம் சுவிட்சைப் போட்டாள். எரியவில்லை.

முத்திருளன் வந்தான். வாசலில் மெயின் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பீஸ் கட்டையை இழுத்துப் பார்த்தான். அதில் மயிர் போல ஒரு கம்பி இருக்குமே, அது உருகிப் போயிருந்தது. புதுக் கம்பி கட்டினான். விளக்கு எரிந்தது. பாகீரதி மோர் கொடுத்தாள். மறுநாள் சாயங்காலம் மறுபடி இருட்டு. மறுபடி கம்பி. மறுபடி மோர்.

மூன்றாம் நாள் பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றினான். நாலாம் நாள் சுவிட்சுகளைத் திறந்தான். கூடத்துச் சுவிட்சுக்குள் ஒரு பல்லி குடியிருந்தது. அது வெளியே குதித்து ஹாலாஸ்யத்தின் வலது தோளில் விழுந்து ஓடிற்று. அவர் பஞ்சாங்கத்தை எடுத்து வலது தோளுக்குப் பலன் பார்த்தார். வெற்றி என்று போட்டிருந்தது. "பிடிச்சுட்டேடா முத்திருளா! இதுதான் அந்தக் கள்ளன்!" என்று ஸ்நானம் பண்ணப் போனார். மறுநாள் சாயங்காலம் வெற்றியைக் காணோம்.

"பக்கத்தாத்துக்காரன் நேத்திக்கு என்ன சொன்னான் தெரியுமோ? 'உங்காத்துல ராத்திரியும் பகல் மாதிரின்னா இருக்கு'ன்னான். கண் பட்டுடுத்து" என்று ஹாலாஸ்யம் மெயின் சுவிட்சுக்கு நேரே ஒரு பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டார். அது முத்திருளன் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவன் தலையில் இடித்தது.

இத்தனைக்கும் நடுவே ஹாலாஸ்யம் நாள் தவறாமல் கம்பெனிக்குக் கடுதாசி போட்டுக்கொண்டிருந்தார். மேற்படி வீட்டில் மேற்படி விளக்கு மேற்படி ஒயர்மேன் வந்து போன பின்னும் மேற்படி நிலையிலேயே உள்ளது என்பது தங்கள் மேலான கவனத்துக்கு.

ஆறு கடுதாசி சேர்ந்ததும் ஓவர்சியர் சொக்கநாதன் முத்திருளனைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் கடுதாசி என்றால் அவருக்குப் பயம்.

"இந்தா பாரு முத்திருளா. வெள்ளிக்கிழமை காலையில எட்டு மணிக்கு நானே அந்த வீட்டுக்கு வாரேன். அதுக்குள்ள என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சு வச்சிருக்கணும். ஏழாவது கடுதாசி என் மேசைக்கு வந்துச்சுன்னா, வில்லையைக் கழட்டிக் குடுத்துட்டு மலையாண்டி கூட்டத்துல போய்ச் சேந்துக்க."

மலையாண்டி குழி வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி, முத்திருளனுக்கு மாமன் முறை. மருமகன் கம்பத்தில் ஏறிய நாளிலிருந்து அவருக்கு ஒரு சின்ன எரிச்சல். அன்று சாயங்காலம் வழியில் பார்த்ததும் கடப்பாரையைத் தடவிக்கொண்டே கூப்பிட்டார்.

"வா மாப்ள! உன் கடப்பாரைக்கு எண்ணெய் போட்டு வச்சிருக்கேன். பாவம், நீ இல்லாம எளச்சுப்போச்சு."

"எளச்சா கஞ்சி ஊத்து மாமா. நான் அந்தப் பக்கம் வாரதா இல்ல."

"கோவப்படாத. ஒரு ரோசனை சொல்றேன் கேளு. அந்தப் பீஸ் கம்பி மயிராட்டம் இருக்கறதுனாலதான அறுந்து போகுது? நாலு கம்பியைச் சேத்து முறுக்கி, தாம்புக்கயிறு மாதிரி கட்டிவிட்டுரு. அப்பறம் எப்புடி அறுகும்ங்கிறேன்?"

முத்திருளனுக்கு அந்த ஆசை வராமல் இல்லை. கட்டிவிட்டால் விளக்கு அணையாது, கடுதாசி வராது, வில்லை போகாது. வேலை அரை நிமிஷம். வீட்டு வாசலில் பூசணிக்காய்க்குக் கீழே நின்று நாலு கம்பியைக் கையில் முறுக்கியும் பார்த்தான். பிறகு பிரித்துவிட்டான்.

"பீஸு காவக்காரன் மாதிரி மாமா" என்றான் அடுத்த நாள். "எவனோ உள்ள வாரான்னு அவன் கத்துறான். கத்துறவன் வாயில துணியை அடச்சிட்டா வந்தவன் போயிருவானா?"

"போ, போ. காவக்காரனும் நீயும் சேந்து குழி தோண்டுங்க" என்றார் மலையாண்டி.

வியாழக்கிழமை சாயங்காலம். மறுபடி இருட்டு. முத்திருளன் ஏழாவது தடவையாகக் கம்பி கட்டிவிட்டு மோரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான். உள்ளே ஹாலாஸ்யம் அரிக்கேன் வெளிச்சத்தில் அப்போதே எழுதி முடித்த ஏழாவது கடுதாசிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்குறேன். கரண்டு எப்பம்மா போகுது?"

"அதான் தெனம் சொல்றேனே, சாயங்காலம்" என்றாள் பாகீரதி.

"சாயங்காலம் நீங்க சுவிட்சைப் போடுறீக. எரியல. அது சரி. போனது எப்ப?"

பாகீரதி விரல் விட்டு எண்ணினாள். "ராத்திரி படுக்கறப்போ எரிஞ்சுது. விடிகாலம் எழுந்து முகம் கழுவறப்போவும் எரிஞ்சுது. அப்புறம் வெளிச்சம் வந்தாச்சே, யார் போட்டுப் பாக்கறா?"

"அதான பாத்தேன்! காலையில போயிருக்கலாம், மத்தியானம் போயிருக்கலாம். நான் சாயங்காலம் வந்து தேடுறேன். காலையில வந்த திருடனைச் சாயங்காலம் வந்து தேடுனா ஆப்பிடுவானா? பகல் பூரா ஒரு பல்பை எரிய விட்டுப் பாக்கணும்மா. அது எந்த நிமிசம் அணையுதோ, அந்த நிமிசம் இந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு பாக்கணும். அம்புட்டுத்தேன்."

உள்ளேயிருந்து ஹாலாஸ்யம் குரல் வந்தது. "பகல்ல விளக்கா? சூரிய பகவானுக்கே வெளிச்சம் காட்டப் போறயாடா? பகல்ல விளக்கெரிஞ்ச ஆத்துல எதுவும் உருப்படாது. முடியவே முடியாது."

முத்திருளன் முகம் தொங்கிப்போயிற்று. வில்லையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பாகீரதி அதைப் பார்த்தாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. யார் முகம் தொங்கினாலும் தாங்க மாட்டாள். குரலைத் தாழ்த்தி, "காலம்பர ஆறு மணிக்கு வா. பல்பை அவர் கண்ணுல படாம நான் பாத்துக்கறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை. ஹாலாஸ்யம் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்கும்போது முத்திருளன் கூடத்துத் தரையில் ஒரு நீள ஒயரின் நுனியில் பல்பை எரிய வைத்தான். பாகீரதி அதன்மேல் காய்கறிக் கூடையைக் கவிழ்த்தாள். பிரம்பு இடுக்குகள் வழியாக வெளிச்சம் பூப்பூவாகச் சுவரில் விழுந்தது. அழகாகத்தான் இருந்தது.

"நான் பின்சந்துல இருக்கற கம்பத்துல ஏறி உக்காந்துக்கறேன்மா. காக்கா, குரங்கு எதுனா வந்து வெளி ஒயரை ஆட்டுதான்னு பாக்கலாம். பல்பு அணைஞ்சதும் மணியை ஆட்டுங்க."

"எந்த மணி?"

"பூசை மணிதான். எனக்குக் கேக்கணும், ஐயருக்குச் சந்தேகம் வரக்கூடாது."

ஹாலாஸ்யம் திருநீறு பூசிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். நடுக்கூடத்தில் ஒரு கூடை. அதற்குள்ளிருந்து ஜோதி.

"பாகீரதி! இது என்னது?"

பாகீரதி சட்டென்று கூடைக்கு முன்னால் வந்து நின்றாள். "நோன்புன்னா. வெள்ளிக்கிழமைக் கூடை விளக்கு நோன்பு. ஏழு வாரம் பண்ணினா ஆத்துல வெளிச்சம் நிலைக்குமாம். உள்ளே திறந்து பாத்தா பலன் போயிடும்."

"கேள்விப்பட்டதே இல்லையே."

"சோழவந்தான் பக்கம் ரொம்ப விசேஷமாம்."

சோழவந்தான் என்றதும் ஹாலாஸ்யத்தால் எதிர்த்துப் பேச முடியவில்லை. அது அவர் மாமனார் ஊர். எதற்கும் இருக்கட்டும் என்று கூடையை மூன்று தரம் வலம் வந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காய்கறிக் கூடைக்கு முன்னால் சாஷ்டாங்கமாக விழுந்தார். அவர் நெற்றி தரையைத் தொட்டதும் ஜோதி அணைந்தது.

பாகீரதி மணியை எடுத்து ஆட்டினாள். ஊரைக் கூட்டுகிற ஆட்டு. படுத்திருந்த ஹாலாஸ்யத்துக்கு உடம்பெல்லாம் பக்தி.

இதற்குள் கம்பத்து உச்சியில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். முத்திருளன் இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டு காக்காயைத் தேடிக்கொண்டிருந்தான். காக்காய் இல்லை. குரங்கு இல்லை. மேலேயிருந்து பார்த்தால் ஹாலாஸ்யத்தின் வீடு, மூடி திறந்த அஞ்சறைப்பெட்டி மாதிரி உள்ளெல்லாம் தெரிந்தது. முதல் முற்றம் தெரிந்தது. ராமேசுவரத்திலிருந்து அந்த அம்மாள் வந்த நாள் முதல் அவன் கண்ணில் படாத இரண்டாம் முற்றமும் தெரிந்தது. அங்கே தர்மாம்பாள் ஈரப் புடவையும் தானுமாக நின்றாள். ஒன்பது கஜம் புடவையைப் பிழிந்து மடித்து, நீளக் கோலின் நுனியில் ஏந்தி, யாரும் தொட முடியாத உயரத்துக்குத் தூக்கி, மடிக் கொடியில் போட்டாள்.

எந்தக் கொடியில்? முத்திருளன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். பீங்கான் குமிழ். இரண்டு ஒயர். அவனே இழுத்த ஒயர்!

நாலு குடம் தண்ணீர் குடித்த புடவை ஒயர்மேல் உட்கார்ந்ததும் இரண்டும் தொய்ந்து, நடுவில் அவன் ஒட்டுப் போட்டுச் சுற்றிய டேப் முதல் வார ஈரத்தில் ஊறி அவிழ்ந்திருந்த இடத்தில் ஒன்றோடொன்று முட்டின. பளிச்சென்று ஒரு பொறி. கூடத்தில் மணி அலறியது.

எல்லாம் அவனுக்கு ஒரே நேரத்தில் விளங்கிற்று. காலையில் ஈரம், கனம், ஒயர் முட்டும், பீஸ் போகும். சாயங்காலம் அவன் வரும்போது புடவை காய்ந்து இலேசாகி, ஒயர் விலகி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்கும். மறுநாள் அந்த அம்மாள் காய்ந்ததை எடுத்து உடுத்திக்கொண்டு அடுத்த ஈரத்தைப் போடுவாள். வீட்டில் மற்றவர்கள் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். தலைக்கு மேலே தொங்கும் அக்காவின் மடியை அந்த வீட்டில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. மூக்கு பட்டுவிட்டால் அப்புறம் யார் பதில் சொல்வது?

அந்த மூங்கில்? ஐயோ, அதுதானே அவளுடைய கொடி! அவன் கழற்றிய மூங்கில். வேண்டாத கழி என்று நினைத்து எடுத்துக்கொண்டு போய், இப்போது கீழக்குயில்குடியில் அவன் தங்கை இருளாயி அதன் நுனியில் அரிவாளைக் கட்டி ஆட்டுக்குட்டிக்குக் குழை பறித்துக்கொண்டிருக்கிறாள்!

பதறிப்போய், இடம் பொருள் மறந்து, கம்பத்து மேலிருந்து கத்தினான்.

"தாயே! அந்தச் சேலையை எறக்கு தாயே! அதுல போடாத!"

தர்மாம்பாள் அப்படியே நின்றாள். நாலு பக்கமும் பார்த்தாள். ஆள் இல்லை. வானத்தைப் பார்த்தாள். கிழக்கே கம்பத்துக்குப் பின்னால் சூரியன் கண்ணைக் குத்தினான். கோல் கையிலிருந்து விழுந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்தாள்.

முத்திருளன் சரசரவென்று இறங்கிச் சந்தைச் சுற்றி வாசலுக்கு ஓடினான். வாசலில் ஓவர்சியர் சொக்கநாதன் சைக்கிளைச் சாத்திக்கொண்டிருந்தார். பையில் ஏழாவது கடுதாசி எட்டிப் பார்த்தது. நேற்று ராத்திரியே ஹாலாஸ்யம் ஆள் மூலம் கொடுத்தனுப்பிவிட்டார்.

கூடத்துக்குள் எல்லாரும் நுழைவதும், இரண்டாம் கட்டுக் கதவில் தர்மாம்பாள் வந்து நிற்பதும் சரியாக இருந்தது. இருபது வருஷ மௌன விரதம் அன்று காலை ஏழே முக்காலுக்கு உடைந்தது.

"ஹாலாஸ்யம்! அசரீரி கேட்டேண்டா!"

"என்னது?"

"ஆகாசத்துலேருந்து! 'தாயே, சேலையை எறக்கு'ன்னுது. பகவான் நம்மாத்துப் பாஷை பேசுவார்னு நெனச்சிண்டிருந்தேன். இது நல்ல மதுரைப் பாஷையா இருக்கு."

முத்திருளன் தூணுக்குப் பின்னால் நகர்ந்தான். பாகீரதி அவனைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"எல்லாம் அந்தக் கொடியோட மகிமை" என்றாள் தர்மாம்பாள். "முப்பது வருஷமா அந்த இத்துப்போன மூங்கில்ல உணத்திண்டிருந்தேன். எப்ப முறிஞ்சு மண்டையில விழுமோன்னு பயம். ராமேசுவரத்துலேருந்து வந்து பாக்கறேன், மூங்கிலைக் காணோம். அந்த எடத்துல வெள்ளை வெளேர்னு பீங்கான் குமிழ் வச்சு ரெட்டைக் கொடி! நான் கேட்டேனா? நீதான் ஒரு வார்த்தை சொன்னயா? அக்கா வரத்துக்குள்ள சத்தம் போடாம பண்ணி வச்சுட்டு, இன்னி வரைக்கும் சொல்லிக் காட்டலையேடா! என் தம்பிக்கு என்மேல இத்தனை அக்கறையான்னு தெனம் புடவை போடறப்போ நெனச்சுப்பேன். ஒவ்வொரு நாள் கையில விர்ருனு ஒரு புல்லரிப்பு வரும். அது உன் பாசந்தானோன்னு இருக்கும்."

விர்ரென்ற வார்த்தையைக் கேட்டதும் முத்திருளனுக்கு அது கரண்டு என்று தெரிந்துவிட்டது. மலையாண்டி சொன்ன தாம்புக்கயிற்றுக் கம்பியைக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தான். மயிர் போன்ற அந்தக் கம்பி நாள்தோறும் உருகி உருகித்தான் இந்த அம்மாள் நின்று பேசுகிறாள். மனசுக்குள் பீஸ் கட்டைக்கு ஒரு கும்பிடு போட்டான்.

ஹாலாஸ்யம் கதவு வழியாக அண்ணாந்து பார்த்தார். பீங்கான் குமிழ். ஒயர். புடவை. முகத்தில் ஒவ்வொரு நிறமாக வந்து போயிற்று. அக்காவுக்காக அவர் இதுவரை ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஓவர்சியருக்கு இதெல்லாம் ஒன்றும் புரியவில்லை. கடுதாசியை எடுத்து நீட்டினார். "ஏழு வந்தாச்சு முத்திருளா. காரணம் கண்டுபிடிச்சியா, இல்லையா?"

"கண்டுபிடிச்சிட்டேன் சார்."

"சொல்லு."

முத்திருளன் தர்மாம்பாளைப் பார்த்தான். கண்ணில் தண்ணீரும் முகத்தில் சிரிப்புமாக நின்றாள். 'உங்க தம்பி உங்களுக்கு ஒண்ணும் போட்டுக் குடுக்கலம்மா, அது சமையக்கட்டு விளக்குக்கு இழுத்த ஒயரு' என்று சொல்ல வேண்டும். சொன்னால் வில்லை தங்கும். அந்தச் சிரிப்பு தங்காது.

"எம்மேலதான் தப்பு சார். ஒயர் இழுக்கையில குறுக்க இருந்த ஒரு மூங்கிலைக் கழட்டுனேன். திருப்பி மாட்டல. ஒட்டுப் போட்ட எடத்துல டேப்பும் சரியாச் சுத்தல."

"மூங்கிலுக்கும் பீஸுக்கும் என்னடா சம்பந்தம்?"

முத்திருளன் சட்டையிலிருந்து வில்லையைக் கழற்றினான். ஊசி துணியில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினான். அன்றைக்குப் பார்த்து ரொம்ப நன்றாகத் தேய்த்திருந்தான், கூடமெல்லாம் மின்னிற்று.

"இருங்கோ!" என்றார் ஹாலாஸ்யம்.

ஓவர்சியர் கையிலிருந்த கடுதாசியை வாங்கினார். காதிலிருந்த பேனாவை எடுத்தார். நின்ற வாக்கில் அதன் அடியில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, வாய்விட்டும் படித்தார். "மேற்படி விளக்கு திருப்திகரமாக எரிகிறது. மேற்படி புகார்கள் ஏழும் வாபஸ்."

ஓவர்சியர் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். அணைத்தார். மறுபடி போட்டார். "எரியலையே சாமி?"

"பகல்ல எதுக்காக எரியணும்?" என்றார் ஹாலாஸ்யம் கோபமாக. பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "கொடி... ஆமாம் அக்கா. உனக்காகத்தான். பழசு இத்துப்போயிடுத்தேன்னு."

அந்த ஒரு பொய்யைச் சொல்ல அவருக்கு வியர்த்துவிட்டது. ஆனால் சொன்ன பிறகு, ஏதோ உண்மையிலேயே செய்துவிட்டவர் மாதிரி கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

ஓவர்சியர் மெதுவாகக் கதவு வரைக்கும் போய், தாண்டாமல், கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார். புடவையைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், விளங்கிவிட்டது. திரும்பி வந்து வில்லையை எடுத்துத் தானே முத்திருளன் சட்டையில் குத்திவிட்டார். விரலில் ஊசி குத்தி, "ஸ்ஸ்" என்றார்.

"அக்கா" என்றாள் பாகீரதி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள். "அசரீரி எதுக்குச் சேலையை எறக்கச் சொல்லித்து தெரியறதா? பகவானே எறங்கி வந்து இருக்கற கொடின்னு ஆயிடுத்து. அதுல போய்ப் புடவை போடலாமா? அதைச் சுவரோட ஒட்டி மூடி வச்சுடலாம். நமக்கு வேற கொடி, இதைவிட ஒசத்தியா, உங்க தம்பியே போட்டுக் குடுப்பர்."

ஹாலாஸ்யம் வேகமாகத் தலையாட்டினார். தர்மாம்பாளுக்கு அது நியாயமாகப் பட்டது. புடவையை இறக்கச் சரி என்றாள். கரண்டு எப்படியும் போய்விட்டிருந்ததால் பயமில்லை. ஆனாலும் புடவை இறங்கி முடியும் வரை முத்திருளன் பூசணிக்காய்க்குக் கீழே பீஸ் கட்டையைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை தர்மாம்பாள் மீனாட்சியைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் அவன் வந்தான். மின்சார ஒயரைச் சுவரோரம் திருப்பி மூடி போட்ட மரச்சட்டத்துக்குள் அடைத்தான். முற்றத்துக்கு மேலே தடித்த இரும்புக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டினான். இரண்டு முனையிலும் இரண்டிரண்டு பீங்கான் குமிழ், அழகுக்காக. கீழே நின்று அவனுக்கு ஏணி பிடித்தவர் தலைமைக் குமாஸ்தா ஹாலாஸ்யம். "எங்கக்காவுக்கு எட்டணுமே, கொஞ்சம் எறக்கு. போறும், போறும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூங்கில் எங்கே என்று பாகீரதி மட்டும் தனியாகக் கேட்டாள். முத்திருளன் சொன்னான். ஆட்டுக்குட்டி என்றதும் அவள் கிணற்றடிக்கு ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை தர்மாம்பாள் புதுக் கொடியில் புடவையைப் போட்டாள். கோலைப் பிடித்தபடி கொஞ்சம் காத்திருந்தாள். மத்தியானம் மௌனம் முடிந்ததும் தம்பியிடம், "கொடி திவ்யமா இருக்குடா. ஆனா அந்த விர்ர் மட்டும் வரலை" என்றாள்.

"வராது அக்கா" என்றார் ஹாலாஸ்யம் அவசரமாக. "அது ஒரு மண்டலத்துக்குத்தான்."

அன்று சாயங்காலம் விளக்கு எரிந்தது. அதற்கு அடுத்த நாளும் எரிந்தது. மலையாண்டி எண்ணெய் போட்ட கடப்பாரையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். பாகீரதிதான் மாட்டிக்கொண்டாள். நோன்பு பலித்துவிட்டதென்று ஹாலாஸ்யம் பிடித்துக்கொண்டார். மிச்சம் ஆறு வெள்ளிக்கிழமையும் கூடைக்குள் அகல் விளக்கை வைத்து அவரோடு வலம் வர வேண்டியதாயிற்று.

முத்திருளனுக்கும் ஒரு சங்கடம் மிஞ்சியது. பின்சந்துக் கம்பத்தில் காலை நேரத்தில் அவனுக்கு அடிக்கடி வேலை வரும். அவன் ஏறுகிற சரசரப்புக் கேட்டால் போதும், கீழே தர்மாம்பாள் புடவை உலர்த்துவதை நிறுத்திவிட்டு, வெயிலில் கண் கூச அண்ணாந்து, எதற்கும் இருக்கட்டுமென்று இரண்டு கையையும் குவிப்பாள். முதல் இரண்டு தடவை அவன் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தான். கம்பம் அவ்வளவு அகலமில்லை. மூன்றாவது தடவை வேறு வழியில்லாமல் கம்பி வெட்டும் குறட்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையைத் தூக்கி, "நல்லா இரு தாயே" என்றான்.